சதுப்பு நிலம் தரிசு அல்ல

உங்கள் ஊர்ச் சதுப்பு நிலம், 'அ' பதிவேட்டில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது? ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம், சோம்பேட்டாவில் 'பீலா' எனப்படும் நன்னீர்ச் சதுப்பு உள்ளது. அந்தத் தண்ணீரில் நெல் விளைகிறது, மீன் கிடைக்கிறது, மாடுகள் மேய்கின்றன, பறவைகள் வந்து இறங்குகின்றன. அதைத் தரிசு என்று காட்டி, அனல்மின் நிலையத்துக்கு அனுமதி வாங்கினார்கள். விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். 2010 ஜூலை 14-ல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். அதே நாளில் தேசிய சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு ஆணையம் அனுமதியை ரத்து செய்தது. போராட்டத்தோடு நிற்காமல், மேல்முறையீடும் செய்திருந்ததன் பலன் அது.

மின்சாரம் நமக்கும் வேண்டும். ஆனால் கிணறுகளுக்கு ஊற்று கொடுக்கும் இடத்தை மேடாக்கிவிட்டால், பம்புசெட் எதை இறைக்கும்?

இத்தகைய பெரிய திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு கூட்டம் நடத்த, 30 நாள் அவகாசம் தந்து அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். இது 2006-ம் ஆண்டு அறிவிக்கையில் உள்ள விதி. வேளாண் அலுவலர்களே, அந்தச் சுருக்கத்தை ஊரில் வாசித்துக் காட்டுங்கள். விவசாயிகளே, அங்கு என்ன விளைகிறது, எத்தனை மாடு மேய்கிறது, எந்த மாதம் என்ன பறவை வருகிறது என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். நாளை மேல்முறையீட்டுக்குப் போனால், உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.