'தீராத வயிற்று வலி'யா? தீர்க்கப் பார்த்தது யார்?

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இனிமே தொல்லை விட்டுது!"

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பெண்களிடம் அக்கம்பக்கத்தார் சொல்லும் ஆறுதல் இது. மாதாமாதம் ரத்தப்போக்கில் துவண்டு கிடந்தவர்களுக்கு அது உண்மையும்கூட. பெரிய நிம்மதிதான்.

ஆனால் சிலருக்கு அங்கேதான் புதுத்தொல்லை ஆரம்பம். வயிறு உப்புகிறது. மூன்று நாள், நாலு நாள் ஆனாலும் மலம் கழிவதில்லை. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது. அடிவயிற்றில் சுருட்டிச் சுருட்டி வலி. ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல. வருஷக்கணக்கில்!

வீட்டில் சொன்னால் என்ன பதில்? "வாயுவா இருக்கும். ஒரு சோடா குடி." ஆஸ்பத்திரியில் சொன்னால்? "ஆபரேஷன் நல்லாத்தான் ஆயிருக்கு, போங்கம்மா." மூன்றாவது தடவை சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? வாயை மூடிக்கொள்கிறாள்.

வெட்டு, குத்து, விபத்து என்று எழுதுகிற நிருபருக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

மூன்று வரிச் செய்தி

"தீராத வயிற்று வலியால் மனமுடைந்த பெண்..." என்று தொடங்கும் செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறீர்கள்? போலீஸ் ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் இருக்கும் வரி அது. பேப்பரில் மூன்றே வரி. படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பீர்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு கணக்குப்படி, நாட்டில் நடந்த தற்கொலைகளில் 100-க்கு 18-க்கும் மேல் நோயின் காரணமாக நடந்தவை. அந்த வயிற்று வலி எல்லாம் இந்த ஆபரேஷனால் வந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் 'தீராத' என்கிறார்களே, அதைத் தீர்க்க யார் முயற்சி செய்தார்கள்? அந்தக் கேள்வி மட்டும் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கு கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் 3 மாதத்துக்குள் ஏற்று நடக்கவேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. எடுக்கலாமா, வேண்டாமா என்ற பேச்சு வந்தது நல்லதுதான். எடுத்த பிறகு? அதைப் பற்றியும் பேசுவோம்.

வயிற்றுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?

முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், நடுவே கர்ப்பப்பை. மூன்றும் ஒட்டிக்குடித்தனம். நடு வீட்டை இடித்தால் பக்கத்துச் சுவர் அதிரத்தானே செய்யும்? மலக்குடலுக்குப் போகும் நரம்புகளும் அந்த வழியாகவே போகின்றன.

எந்த வயிற்று ஆபரேஷனிலும், உள்ளே காயம் ஆறும்போது குடலும் மற்ற உறுப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு வலி வரும். வெகு சிலருக்குக் குடலே அடைத்துக்கொள்ளும்.

மாத்திரைகளும் ஒரு காரணம். ரத்தம் போய்ப் போய் சோகை பிடித்தவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். கூடவே கால்சியம். சில வலி மாத்திரைகள். மூன்றுமே மலத்தை இறுக்கக்கூடியவை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "இந்த மாத்திரையால வயிறு இறுகுது, வேற மாத்தித் தாங்க" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் குற்றமில்லை.

தைராய்டு குறைவும் மலச்சிக்கல் தரும். பல வருஷச் சர்க்கரை வியாதியும் தரும். எல்லாப் பழியையும் ஆபரேஷன் தலையில் போட்டுவிட்டு இவற்றைப் பார்க்காமல் விடக்கூடாது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லாத வழிகளே முதலில். தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கவேண்டும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கேழ்வரகு என்று நார்ச்சத்து உணவைச் சேர்க்கவேண்டும். ஆனால் ஒரே நாளில் அள்ளிப் போட்டால் உப்புசம் இன்னும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இசப்கோல் சாப்பிட்டால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கவேண்டும்.

காலையில் சாப்பிட்ட சிறிது நேரத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் உணர்ச்சி வந்தால் அடக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீட்டில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டால் குந்தி உட்காருகிற வாட்டம் வரும், சுலபமாகப் போகும். முக்கி முக்கிப் போனால் அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்துபோகும். அந்தத் தசைகளுக்குப் பயிற்சி உண்டு. எல்லோருக்கும் ஒரே பயிற்சி ஒத்துவராது. பிசியோதெரபி தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். என்ன சாப்பிட்டோம், எப்போது வலித்தது, எத்தனை நாள் போகவில்லை என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டோடு அந்த நோட்டையும் டாக்டர் முன்னால் வையுங்கள். "வயிறு சரியில்லை" என்ற பேச்சைவிட அந்த நோட்டுக்கு மரியாதை அதிகம்.

உஷார்! இதெல்லாம் வாயு அல்ல

வயிறு வீங்கி, வலி விட்டு விட்டு முறுக்கி, வாந்தி வந்து, மலமும் போகாமல் காற்றும் பிரியாமல் இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். ஆபரேஷன் ஆகிப் பல வருஷம் கழித்தும் வரும். அந்த நேரத்தில் விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுப்பது ஆபத்து. 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, திடீரென்று மலம் போகும் வழக்கமே மாறுவது, இவற்றையும் தள்ளிப்போடக்கூடாது. இன்னொன்று. கர்ப்பப்பையை எடுத்தாலும் பலருக்குச் சினைப்பையை விட்டுவைப்பார்கள். வாரக்கணக்கில் வயிறு உப்பியே இருந்தால் அதையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும்.

தண்ணி குடின்னா எப்படிக் குடிக்கிறது?

டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுவார், நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று. பூக்கடை போடும் அம்மா குடிப்பாரா? ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற பெண் குடிப்பாளா? மாட்டார்கள். குடித்தால் போக வேண்டும். போக இடம் எங்கே?

பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் பூட்டிக் கிடக்கும். திறந்திருந்தால் தண்ணீர் வராது. தண்ணீர் வந்தால் தாழ்ப்பாள் இருக்காது. கடையில் வேலை செய்யும் பெண், "நான் போயிட்டு வரட்டுமா அண்ணே" என்று ஆண் சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சப்பட்டே அடக்குகிறாள். காலையில் அடக்கி, மத்தியானம் அடக்கி, வீட்டுக்குப் போனால் உணர்ச்சியே மரத்துவிடுகிறது. அடக்கியே பழகிய குடலுக்கு எந்த மருந்து வேலை செய்யும்?

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே வந்தது. நல்ல சட்டம். உட்கார உரிமை உண்டென்றால், ஒதுங்கவும் உரிமை வேண்டாமா? கடை முதலாளிகளே, யாரும் உங்களிடம் லட்சம் கேட்கவில்லை. ஒரு பானை தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, கேள்வி கேட்காத 10 நிமிஷம். இவ்வளவுதான். மாநகராட்சி அதிகாரிகளே, திறப்பு விழாவோடு வேலை முடியவில்லை. சாயங்காலம் 6 மணிக்கு ஒரு தடவை உங்கள் வீட்டுப் பெண்களை அந்தப் பொதுக் கழிப்பிடத்துக்குள் போய்வரச் சொல்லுங்கள். அவர்கள் கொடுக்கும் ரிப்போர்ட் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வலியோடு வாழ்ந்து வாழ்ந்து வெறுத்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா, உங்கள் வலி பொய் இல்லை. அதற்கு வழியும் இல்லாமல் இல்லை. மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண். பேசக் காசு கிடையாது.

ஆண்களே, அக்காவோ அம்மாவோ மனைவியோ "வயிறு சரியில்லை" என்று இன்று ராத்திரி சொன்னால், சோடா வாங்க ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாக என்று கேளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு நீங்களே கூட்டிப் போங்கள்.