தோட்டாவுக்குள் இருக்கும் ஈயம்

தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்களை அடைத்து வைத்திருக்கிறோம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, வெள்ளீயம். மலாயில் அது ‘தீமா’. தூண்டில் கயிற்றில் கட்டும் கனமான சாம்பல் நிறக் குண்டு, காரீயம். மலாயில் அது ‘தீமா ஹித்தாம்’, அதாவது கறுப்பு ஈயம். முதலாவது நம் ஊரையே உருவாக்கியது. 1857இல் கிள்ளானிலிருந்து ஆற்றுவழியே புறப்பட்ட 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங் பக்கம் வெள்ளீயம் தோண்டப் போனதில்தான் கோலாலம்பூரின் கதை தொடங்குகிறது. இரண்டாவது, உடம்புக்குள் போனால் மூளையையும் நரம்பையும் கெடுக்கிற நஞ்சு.

இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய அவசியம் ஒரு குரல்பதிவால் வந்தது. காலை நிகழ்ச்சி முடிந்ததும் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். “தம்பி, எம் மகன் இன்ஜினியரா இருக்கான். ராத்திரியெல்லாம் ஈயத்தை உருக்கி துப்பாக்கிக் குண்டு செய்யிற வீடியோ பார்க்கிறான். அச்சு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கப் போறானாம். கேட்டா, ஈயம்தானே, நாம ரசமே வைக்கிறோமேங்கிறான். நீங்க கொஞ்சம் சொல்லுங்க.”

பையனின் ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குறிபார்த்துச் சுடுவது ஒலிம்பிக் விளையாட்டு. அதில் எந்தக் குண்டைத் தேர்ந்தெடுப்பது என்பது தனிக் கலை. அதை முதலில் பார்ப்போம்.

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள்: பித்தளைக் கூடு, அடியில் பொறி எழுப்பும் மூடி, மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு பித்தளைக் கூடு மிஞ்சும். அமெரிக்கா போன்ற நாடுகளில் பல வீரர்கள் அந்தக் கூட்டை எடுத்து மற்ற மூன்றையும் புதிதாக நிரப்பிக்கொள்கிறார்கள். செலவு குறையும், தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவை அமைத்துக்கொள்ளவும் முடியும். குண்டை அவர்கள் ஈயத்தில் வார்க்கிறார்கள், அல்லது வார்த்ததை வாங்குகிறார்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பார்கள்? முதலில் கடினம். தனிக் காரீயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மை. அதில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நன்றாக நிரம்பும். ஆன்டிமனி சேர்த்தால் இறுகும். மிக மென்மையான குண்டு, குழாயின் உட்பக்கத்துச் சுருள் வரிகளில் பிடிக்காமல் வழுக்கி, ஈயத்தை அங்கேயே பூசிவிட்டுப் போகும். மிகக் கடினமானதும் சரிப்படாது. குழாயை இறுக்கி அடைக்காமல், ஓரத்தில் சூடான வாயு கசிந்து அதுவும் ஈயத்தை அரித்துப் பூசும். அடுத்தது விட்டம். குழாயின் உள்விட்டத்தைவிட ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக இருப்பது வழக்கம்.

மூன்றாவது வடிவம். தட்டையான முகமுள்ள குண்டு காகித இலக்கில் துளைக்கருவி குத்தியதுபோல் வட்டத் துளை போடும். நடுவர் புள்ளி பார்க்க வசதி. ஆனால் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில், சுட்ட வேகத்திலேயே அடுத்த தோட்டா தானாக மேலேறி உள்ளே போக வேண்டும். தட்டை முகம் பல துப்பாக்கிகளில் வாசலிலேயே முட்டிக்கொள்ளும். உருண்டை முனை சுலபமாக நுழையும், ஆனால் காகிதத்தைக் கிழிக்கும். அதனால் கூம்பி, நுனியில் மட்டும் தட்டையாக, தோளில் கூரான விளிம்போடு இருக்கும் நடுத்தர வடிவம் ஒன்று பிறந்தது. வேகமும் அளவாக இருக்க வேண்டும். அளவுக்கு மேல் மெதுவாகச் சுட்டால் துப்பாக்கியின் மேல்பகுதி முழுதாகப் பின்னால் நகராது. பழைய கூடு வெளியேறாமல் சிக்கும்.

இந்தக் கலவை நம் வீட்டுக்கும் அந்நியமில்லை. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ உட்பட, பழைய தமிழ் நாளிதழ்கள் எல்லாம் ஈய எழுத்தில் அச்சானவை. காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும்தான் அதிலும். லைனோடைப் எந்திரத்தின் உலோகம் ஏறக்குறைய 84, 12, 4 விழுக்காடு. கணினி வந்து அச்சகங்கள் ஈயத்தைக் கைவிட்டபோது, அமெரிக்கக் குண்டு வார்ப்பவர்கள் அதைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். எழுத்தாக இருந்தது குண்டாக மாறியது.

சரி, கிள்ளானில் ஒருவர் இதைச் செய்யலாமா? கூடாது. காரணம் இரண்டு.

ஒன்று சட்டம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்தில் ஆயுதமே. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 8ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். தயாரிப்பதற்கும் உரிமம் வேண்டும். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் 6க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. “வெறும் அச்சுதான் சார் வாங்கினேன்” என்று விளக்கம் சொல்லிப் பார்க்க காவல் நிலையம் ஏற்ற இடமல்ல. வெளிநாட்டு வீடியோவில் வருகிறவருக்கு அவர் நாட்டுச் சட்டம். நமக்கு நம் நாட்டுச் சட்டம்.

இரண்டாவது காரணம் அந்த உலோகமே. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதாவது சமையலறை அடுப்பே போதும்; அதுதான் ஆபத்து. மேலே மிதக்கும் கசடு நுண்ணிய தூளாகிக் கையிலும் சட்டையிலும் மேசையிலும் படியும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் நீராவியாக வெடித்து உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். இரத்தத்தில் ஈயம் இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். படிப்பில் பின்தங்குவது, கவனம் சிதறுவது, இரத்தச்சோகை எல்லாம் வெளியே சத்தமில்லாமல் வரும். எலும்பில் தங்கும் ஈயம், பெண் கர்ப்பமாகும்போது மறுபடி இரத்தத்துக்குள் இறங்கிக் கருவையும் சேரும்.

இது துப்பாக்கிக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பழைய கார்ச் சக்கரத்தின் ஈய எடைகளை உருக்கித் தூண்டில் குண்டு வார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான். அந்தச் சட்டி மறுபடி குழம்புக்கு வரவே கூடாது. வெள்ளீயச் சொம்பு என்று நம்பி வாங்குவதில் காரீயம் கலந்திருந்தால் ரசத்தின் புளிப்பே அதைக் கரைத்து இறக்கும். நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் ஆர்வமுள்ள பிள்ளை என்ன செய்வது? நேர்வழி இருக்கிறது. உரிமம் பெற்ற சுடும் மன்றத்தில் சேர்ந்து, பயிற்றுநரின் கண் முன்னால் 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் தொடங்கலாம். ஜொனாதன் வோங் 2016இல் ரியோவுக்கும் 2024இல் பாரிசுக்கும் போனது இந்தப் பிரிவில்தான். நூர் சுரியானி 2012இல் லண்டனில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டது 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் பிரிவில். கடலூரில் பிறந்த நம் தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் சுட்டதும் அதே பிரிவில்.

குண்டைத் தேர்ந்தெடுக்கும் கலை அங்கேயும் உண்டு. காற்றழுத்தத் துப்பாக்கியின் 4.5 மில்லிமீட்டர் குண்டுகள் 4.49, 4.50 என்று நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தனித்தனி டப்பாவில் வரும். 25 மீட்டர் போட்டிக்கு அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி, 5.6 மில்லிமீட்டர் தோட்டா, ஏறக்குறைய 2.6 கிராம் ஈயக் குண்டு. ஈயம் அல்லது அதுபோல் மென்மையான பொருளில்தான் குண்டு இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. இந்தத் தோட்டாவை மறுபடி நிரப்பும் வழக்கம் இல்லை. ஆகவே வீரர்கள் தொழிற்சாலையிலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் தயாரிப்புத் தொகுதி மாறினால் குணம் மாறும். துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, எது மிக நெருக்கமாக விழுகிறதோ அந்தத் தொகுதியையே மொத்தமாக வாங்குகிறார்கள். இன்ஜினியர் மூளைக்கு இதைவிட நல்ல தீனி எது?

மன்றத்துக்குப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் நான்கு விதிகளைக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள். சுடும் இடத்தில் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கையையும் முகத்தையும் கழுவ வேண்டும். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலணியை வாசலிலேயே கழற்ற வேண்டும். இந்தக் கடைசி விதியை நம் வீடுகளில் யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிக்கடி சுடுகிறவர், குறிப்பாக மூடிய அரங்கில் சுடுகிறவர், மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.