எலிகளின் கூட்டணி

மும்பை லோக்கல் ரயிலில் சீட்டாட மேஜை தேவையில்லை. நான்கு ஜோடி முழங்கால்கள், அவற்றின் மேல் ஒரு ப்ரீஃப்கேஸ் போதும். முலுண்டில் ஏறி சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் இறங்குவதற்குள் சில ஆட்டங்கள் முடிந்துவிடும். தினமும் ஒரே பெட்டியில் போகும் சிநேகிதர்கள்தான். ஆனால் சீட்டைப் போட்டுவிட்டால் ஒருவர் கையை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒருவர் ஜெயிக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் தோற்றாக வேண்டும். வீட்டுக்குள்ளும் இதே சட்டம்தான். தாயக்கட்டை, கேரம், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க உதவும் பரமபதம் எல்லாவற்றிலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எதிரி.

இந்தச் சட்டத்தை மாற்றி எழுதிய விளையாட்டுகள் இப்போது உலகெங்கும் இருக்கின்றன. இந்தியாவில் ஃபன்ஸ்கூல் தயாரிப்பாக நடுத்தர வர்க்க வீடுகளுக்கு வந்த ‘ஸ்காட்லண்ட் யார்ட்’ (1983-ல் ஜெர்மனியில் பிறந்தது) பாதி வழி வந்தது: மற்றவர்கள் எல்லோரும் போலீஸ், ஒருவர் மட்டும் திருடன். 2000-ல் ரெய்னர் நிட்ஸியா உருவாக்கிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆட்டமும், 2008-ல் மேட் லீகாக் கொண்டுவந்த ‘பாண்டமிக்’ ஆட்டமும் மீதி வழியைக் கடந்தன. திருடனும் இல்லை. எல்லோரும் ஒரே கட்சி. எதிரி, பலகைதான். ஜெயித்தால் எல்லோரும், தோற்றாலும் எல்லோரும்.

இந்த வகையில் குடும்பங்களுக்குப் பொருத்தமானது, ஜெர்ரி ஹாதார்ன் 2012-ல் உருவாக்கிய ‘மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ்’. இளவரசன் காலினும் அவனுக்கு விசுவாசமானவர்களும் சிறையில் அடைக்கப்படுகிறார்கள். தப்பிக்க ஒரே வழி, மந்திரத்தால் எலிகளாக மாறுவது. அதற்குப் பிறகு, பிறந்து வளர்ந்த அரண்மனையே காடாகிவிடுகிறது. சமையலறைக் கரப்பான்பூச்சி யானை மாதிரி வந்து நிற்கிறது. பூனை வந்தால் சாட்சாத் எமன். விரல் உயரம்கூட இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பொம்மைகள் பெட்டியில் இருக்கின்றன. கூடவே ஒரு கதைப்புத்தகம். ஓர் அத்தியாயத்தை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு பகடையை உருட்டி, எலிகளை நகர்த்தி, அந்த அத்தியாயத்தை எல்லோருமாக வாழ்ந்து முடிக்க வேண்டும்.

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் மாதுங்கா, செம்பூர், முலுண்ட் தமிழ் வீடுகளுக்குப் பொம்மை வைத்துக் கதை சொல்வது புதிதல்ல. தசாவதார செட்டும் கல்யாண செட்டும் பரணில் தூங்குகின்றன. ஆனால் கொலுப் பொம்மையை யாரும் நகர்த்துவதில்லை. ராமர் பட்டாபிஷேகம் எந்த வருஷமும் நின்றுபோவதில்லை. இங்கே பொம்மையை நகர்த்தாவிட்டால் கதை நகராது. இளவரசன் அரண்மனையை மீட்பான் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

விதிகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. அடுத்த அறைக்குப் போக வேண்டுமென்றால் எல்லா எலிகளும் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். பலசாலி முன்னால் ஓடிவிட முடியாது. ஓர் எலி பிடிபட்டால் அதை ஆட்டுவிப்பவர் ஆட்டத்தைவிட்டு விலக வேண்டியதில்லை; ஆனால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் நேரம் குறைகிறது. பின்தங்கிய பேத்திக்காக அண்ணன் காத்திருக்க வேண்டும். தாயக்கட்டையில் வெட்டிச் சிரித்த அதே அண்ணன்.

இதையெல்லாம் கேட்டால் கூட்டுக் குடும்பத்துக்கென்றே செய்த விளையாட்டு என்று தோன்றும். ஆனால் சிக்கலும் அங்கேதான். எதிரி இல்லாத மேஜையில் ஒரு சர்வாதிகாரி சுலபமாக முளைத்துவிடுவார். “நீ அங்கே போகாதே, இங்கே வா. பகடையை என்கிட்டே கொடு.” எல்லாம் தெரிந்த ஒருவர் எல்லோருடைய எலியையும் தானே ஓட்டுவார், மற்றவர்கள் அவருடைய கை கால்களாகிவிடுவார்கள். இந்த நோய்க்கு ஆட்டக்காரர்கள் ‘ஆல்ஃபா பிளேயர்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மகளின் படிப்பிலிருந்து வீட்டு பெயின்ட் வரை ஒருவரே முடிவெடுத்துப் பழகிய குடும்பங்களில் இந்த நோய் எவ்வளவு சீக்கிரம் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுகளை உருவாக்குபவர்களும் இதற்கு மருந்து தேடியிருக்கிறார்கள். ஐஸக் சில்ட்ரெஸின் ‘க்ளூம்ஹேவன்’ (2017) ஆட்டத்தில், கையில் உள்ள சீட்டின் பெயரையோ எண்ணையோ கூட்டாளியிடம் சொல்லக் கூடாது. “கொஞ்சம் சீக்கிரம் கிளம்புவேன்” என்று பூடகமாகச் சொல்லலாம். அவ்வளவுதான். முழு விவரம் தெரியாதபோது கட்டளையிடுவது கஷ்டம். நம்பத்தான் வேண்டும். எலிகள் ஆட்டத்தில் அப்படிப்பட்ட விதி இல்லை. அதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்: கேட்டால் மட்டும் யோசனை சொல்வது, பொம்மை யாருடையதோ முடிவும் அவருடையது.

மும்பைத் தமிழ் வீட்டுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. கதைப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் படிக்கும் பேத்திக்குப் பெரும்பாலும் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கிலம் தெரியாத பாட்டியும் ஆட்டத்தில் இருந்தால், பேத்தி படித்துப் படித்துத் தமிழில் சொல்லியாக வேண்டும். “சாப்பிட்டாயா”, “படித்தாயா” என்பதைத் தாண்டாத வீட்டுத் தமிழ், சூழ்ச்சி, சபதம், துரோகம் என்று நீள வேண்டியிருக்கும். வார்த்தை தெரியாத இடத்தில் பாட்டியைத்தான் கேட்க வேண்டும். கதை சொல்லும் உரிமை பேத்திக்கு, அகராதி பாட்டி.

தடைகளும் இருக்கின்றன. இறக்குமதிப் பெட்டிகள் பல ஆயிரம் ரூபாய் விழுங்கும். ஒன் ரூம் கிச்சன் வீட்டில் பலகையைப் பரப்பினால் அன்று தரையில்தான் சாப்பாடு. தொடங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு, லீகாக்கின் ‘ஃபர்பிடன் ஐலண்ட்’ (2010) சின்னப் பெட்டி. பெரிய கதை கிடையாது, ஆனால் கூட்டாகத் தப்பிக்கும் பதைப்பு முழுசாக உண்டு.

எந்தப் பெட்டியானாலும் முதல் சில ஆட்டங்களில் தோல்வி சகஜம். அப்போது திட்டுவதற்கு எதிராளி இருக்க மாட்டார். “நான் சொன்னதைக் கேட்டிருந்தால்...” என்று குடும்பத் தலைவர் ஆரம்பிக்கக்கூடும். அந்த வாக்கியத்தை அவர் பாதியில் விழுங்கிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் மேஜைக்கு வருவார்கள்.