முதலில் தண்ணீர், கடைசியில் பொத்தான்



பஞ்சாலையில் வேலை செய்கிறவனுக்குக் காற்றின் அருமை தெரியும். இலாகாவில் ஈரம் குறைந்து சூடு ஏறினால் ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பெரிய மில்கள் பலவற்றில் ஈரக்காற்று பிளாண்டுக்குக் குளிர்ந்த நீர் கொடுக்க, சில்லர் என்ற ராட்சத யந்திரத்தை ஒரு மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். கிராமத்துத் தோழர்கள் "இது நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நீங்கள் கறந்து ஊற்றும் பால் போய்ச் சேருகிற குளிரூட்டும் நிலையத்தில் ஓடுவதும் இதன் உடன்பிறப்புத்தான். அங்கே ஒப்பந்தக் கூலியாக நிற்பது பெரும்பாலும் உங்கள் பிள்ளைதான்.

இந்த யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவாகத் தொல்லை தராது. நின்று கிடந்து மறுபடி கிளம்புகிறதே, அந்த நேரத்தில்தான் அபாயம்.

எனக்குத் தெரிந்த ஒரு மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. ஆறரைக்கு மானேஜரின் போன்: "இன்னுமா ஓட்டவில்லை?" ஆப்பரேட்டர் அனுபவஸ்தர். "எண்ணெய் சூடேறணும் சார், நாளைக் காலையில் ஓட்டலாம்" என்றார். "அதெல்லாம் புஸ்தகத்துச் சங்கதி. பொத்தானை அழுத்தய்யா!" அழுத்தினார். அரை மணிகூட ஓடவில்லை. கம்ப்ரஸரின் பேரிங் போயிற்று. சார்ஜ் ஷீட் யாருக்கு வந்தது? போன் செய்தவருக்கா?

ஆப்பரேட்டர் சொன்னது ஏன் சரி என்று ஒவ்வொரு தொழிலாளியும் புரிந்துகொள்ள வேண்டும். யந்திரம் நின்று எண்ணெய் ஆறிவிட்டால், உள்ளே இருக்கும் குளிர்வாயு அந்த எண்ணெயில் கரைந்துவிடும். கோலி சோடாவில் வாயு அடைபட்டிருப்பதைப் போலத்தான். கம்ப்ரஸர் சட்டென்று கிளம்பினால் உள்ளே அழுத்தம் குறைகிறது. கோலியை உள்ளே தள்ளினால் சோடா பொங்குகிறதே, அப்படி எண்ணெய் நுரைத்துப் பொங்குகிறது. பேரிங்குக்குப் போக வேண்டிய எண்ணெய்க்குப் பதில் நுரைதான் போகிறது. இதைத் தடுக்கத்தான் எண்ணெய்த் தொட்டியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நீண்ட நேரம் மின்சாரமில்லாமல் கிடந்த யந்திரத்துக்கு 24 மணி நேரம் அந்த ஹீட்டர் எரிந்திருக்க வேண்டும் என்று யந்திரம் செய்த கம்பெனிகளின் கையேடுகளே சொல்கின்றன. அது தின்கிற மின்சாரம் ஏறக்குறைய ஒரு இஸ்திரிப் பெட்டியின் அளவுதான். அதையும் மிச்சம் பிடிக்க விடுமுறை நாளில் அணைத்துவைக்கும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள்!

அடுத்தது தண்ணீர். குளிர்நீர் பம்பும் கூலிங் டவர் பம்பும் ஓடி, குழாயில் காற்று வெளியேறி, நீர் முழு வேகத்தில் பாய்ந்த பிறகே கம்ப்ரஸர் கிளம்ப வேண்டும். குளிர்நீர் பாயாமல் கம்ப்ரஸர் ஓடினால், மெல்லிய செம்புக் குழாய்க்குள் நிற்கும் நீர் உறைந்துபோகும். உறைகிற நீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். குழாய் வெடிக்கும், வாயு இருக்கிற பக்கம் தண்ணீர் ஏறும், யந்திரம் பாழ். டவர் நீர் பாயாவிட்டாலோ அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அழுத்தம் பார்த்து நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால், ரிலீப் வால்வு திறந்து வாயு வெளியே பாயும்.

தண்ணீர் ஓடினால்தான் கம்ப்ரஸரைக் கிளம்ப விடுகிற ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. அது தகராறு செய்தால் என்ன செய்கிறார்கள்? இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு "இப்போதைக்கு ஓட்டு" என்கிறார்கள். அந்த "இப்போதைக்கு" வருஷக் கணக்கில் நீடிக்கிறது. யந்திரம் நின்றுவிட்டால் காரணம் தேடாமல் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தச் சொல்வதும் இதே ரகம்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் சுருள் சூடேறுகிறது. ஆறுவதற்குள் மறுபடி கிளப்பினால் எரிந்துபோகும்.

யந்திரம் போனால் பணம் போகும், இன்ஷூரன்ஸும் இருக்கும். மனிதன் போனால்? கூலிங் டவருக்குள் பாசி சுரண்ட இறங்குகிறவன் ஒப்பந்தக் கூலி. தலைக்கு மேலே ஆளை வெட்டும் விசிறி. அவன் உள்ளே இருப்பது பேனலில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே இறங்குகிறவன் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். சாவி சூப்பர்வைசரிடம் இருந்தால் அது பூட்டே அல்ல. கிளப்புகிற நேரத்தில் கடைசிப் பூட்டு வரை கழன்றதா, கழற்றியவன் கண்முன் நிற்கிறானா என்று பார்த்த பிறகே பொத்தானுக்குக் கை போக வேண்டும்.

வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மில் சில்லர்களில் வழக்கமாக உள்ள வாயு காற்றைவிடக் கனமானது. பெரிதாக வாசனையும் இல்லை. தரையிலும் குழியிலும் தங்கி, மூச்சுக் காற்றை அப்புறப்படுத்திவிடும். மயங்கி விழுந்தவனைத் தூக்கக் குனிகிறவனும் விழுவான். காற்றாடியைப் போட்டுக் கதவைத் திறக்காமல் நுழையக்கூடாது. பால் நிலையங்களில் பெரும்பாலும் அம்மோனியா. அது கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். கசிந்தால் காற்று போகிற திசையில் ஓடாமல் அதற்குக் குறுக்கே ஓடுங்கள். ஈரத் துணியால் மூக்கை மூடுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் தண்ணீர்விட்டுக் கழுவுங்கள்.

"ஒரு யந்திரத்துக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் போபாலை நினைக்கட்டும். அங்கே விஷத் திரவத் தொட்டியைக் குளிர்விக்கும் யந்திரத்தை 1984-ஆம் வருஷ மத்தியில் செலவு மிச்சம் என்று நிறுத்திவைத்தார்கள்; உள்ளிருந்த குளிர்வாயுவையும் வடித்தெடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 நள்ளிரவில் தொட்டி கொதித்தது. ஆயிரக்கணக்கில் மாண்டவர்கள் ஏழைக் குடிசைவாசிகள்.

அது பழங்கதை என்றால் விசாகப்பட்டினம் இருக்கிறது. 2020-இல் ஊரடங்கில் நின்ற ஒரு பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலையைத் திரும்ப ஓட்டுவதற்கு ஏற்பாடு நடந்தது. ஸ்டைரீன் தொட்டியின் குளிரூட்டி பகலில் மட்டும் ஓடி, மாலையில் நிறுத்தப்பட்டது. மே 7 அதிகாலை தொட்டி சூடேறி விஷ ஆவி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தார்கள். குளிரூட்டும் ஏற்பாடு போதாது என்பதை ஆந்திர அரசு அமைத்த குழுவே எழுதியது.

அதற்கு இரண்டே நாள் கழித்து, மே 9-ஆம் தேதி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆலைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. ஊரடங்கு முடிந்து திறக்கிற ஆலையில் முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கருத வேண்டும், அதிக உற்பத்தி இலக்கு வைக்கக்கூடாது என்றது அது. நியாயமான பேச்சு. ஆனால் பிணம் விழுந்த பிறகு வந்த பேச்சு. அந்த நியாயம் ஊரடங்குக்கு மட்டும்தானா? மின்சாரம் நின்று வந்தால், வருஷாந்திர ரிப்பேர் முடிந்தால், லாக்-அவுட் திறந்தால் அதே யந்திரம்தானே, அதே எண்ணெய்தானே!

ஆகவே சங்கத் தோழர்கள் கேட்க வேண்டியது இது. கிளப்பும் வரிசை முறையைத் தமிழில் எழுதிப் பேனலுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். எண்ணெய் சூடாகும் வரை நிற்கும் நேரத்துக்குக் கூலிப் பிடித்தம் கூடாது. அவசரமாக ஓட்டச் சொல்கிற அதிகாரி அந்த உத்தரவை லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத் தனிச் சக்தி உண்டு. பேனாவை நீட்டினால் பல உத்தரவுகள் அங்கேயே மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை யந்திரம் நின்று கிளம்பும்போது, முந்தின நாள் காலையில் ஹீட்டர் போட்டதாக லாக் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், வருகிற சங்கக் கூட்டத்தில் அதையே முதல் விஷயமாக வையுங்கள்.