சீபீல்டை அதற்குள் மறந்துட்டோமா?

கோயில் வாட்சாப் குரூப்பில் எழுதினால் நடுவில் பத்து பேர் பூ படம் போட்டு விஷயம் மேலே போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் கோயிலுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் ஒருத்தன் நம்ம அக்கா ஒருவரைக் கீழே தள்ளி, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். அக்காவுக்குக் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கு. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாச்சு, ஆள் இன்னும் கிடைக்கவில்லை. "பார்க்க பங்களாக்காரன் மாதிரி இருந்தான்" என்று யாரோ சொன்னதுதான் தாமதம், குரூப் பற்றிக்கொண்டது. அவனுங்க எல்லாருமே இப்படித்தானாம். இனிமேல் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெளிநாட்டுக்காரன் ஒருத்தனும் உள்ளே வரக்கூடாதாம். ஞாயிறு கமிட்டி கூட்டத்தில் தீர்மானமே வருதாம்.

எழுதினவர்களில் பாதிப் பேர் 2018இல் என்ன எழுதினார்கள் என்று எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

நவம்பர் 26, விடியற்காலை. சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் கோயிலுக்குள் ஆயுதங்களோடு ஒரு கும்பல் புகுந்து பக்தர்களை அடித்தது. காசு கொடுத்து அனுப்பப்பட்ட மலாய்க்காரக் கும்பல் என்று அப்போதைய உள்துறை அமைச்சர் முகிதீன் யாசினே சொன்னார். 150,000 வெள்ளி என்று தொகையும் சொன்னார். அதற்காக மலாய்க்காரர் எல்லாரும் மன்னிப்புக் கேட்கணும் என்று யாராவது சொன்னோமா? இல்லை. சொல்லாதது நியாயம்தான். கூலிக்கு வந்தவன் செய்ததற்குப் பக்கத்து வீட்டு பாக்சிக் என்ன செய்வார்?

மறுநாள் இரவு அங்கே கார்கள் எரிந்தன. தீயை அணைக்க வந்த போம்பா வீரர் முகமட் அடிப் படுகாயம் அடைந்தார். 24 வயசு, கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த பையன். டிசம்பர் 17ஆம் தேதி இறந்துபோனார். 2019 செப்டம்பரில் ஷா ஆலம் மரண விசாரணை நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: அடையாளம் தெரியாத இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நபர்களின் குற்றச் செயல். நபர்கள் என்றுதான் தீர்ப்பில் இருக்கு, இனம் என்று இல்லை. ஆனால் முகநூலில் என்ன ஓடியது? "இந்தியர்கள் கொன்றார்கள்." கோயில் பக்கமே போகாத நம்ம பிள்ளைகள் வேலை இடத்தில் அதற்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. முதல் நாள் அடித்தவன் ஒரு கும்பல், இரண்டாம் நாள் அடித்தவன் ஒரு சமுதாயமா என்று நாம் கேட்டோம். சரியான கேள்வி. அதைத்தான் இப்போ திருப்பி உங்களிடமே கேட்கிறேன்.

குண்டர் கும்பல் கதையும் அப்படித்தான். 2013இல் 49 கும்பல், சுமார் 40,000 பேர், அதில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்று கணக்கு வந்தது. 28,000 பேர் சின்ன எண்ணிக்கை இல்லை, ஒத்துக்கிறேன், வெட்கப்பட வேண்டியதுதான். ஆனால் இந்த நாட்டில் நாம் 20 லட்சம் பேர் அளவுக்கு இருக்கோம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்காக மிச்சப் பேரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் எப்படி வலிக்கும் என்று வேலை தேடிப் போன ஒவ்வொரு தமிழ்ப் பையனுக்கும் தெரியும்.

இன்னும் பழசு வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலுக்கு வரும் இலங்கைத் தமிழ்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் புலிகள் 13 ராணுவத்தினரைக் கொன்றார்கள். அதற்குக் கொழும்பில் கடை வைத்திருந்தவனையும் பஸ்ஸில் வேலைக்குப் போனவனையும் தேடித் தேடி அடித்தார்கள், எரித்தார்கள். தமிழன் என்றால் போதும், வேறு விசாரணை கிடையாது.

இப்போ நம்ம பக்கம் பார்ப்போம். போன வருஷத் திருவிழாவில் ரதம் போகும்போது பாராங் தூக்கினது யார்? நம்ம தாமான் பசங்க. ஒருத்தனுக்குத் தோளில் ஏழு தையல். அன்றைக்கு இதே குரூப்பில் என்ன எழுதினீர்கள்? "ஒரு சில விஷமிகள்", "குடி கெடுத்துவிட்டது, அவன் அம்மா பாவம்." நம்ம ஆள் செய்தால் அவனுக்கு அம்மா இருக்கிறாள். பங்களாக்காரன் செய்தால், அதுவும் செய்தான் என்று நிச்சயமே இல்லாதபோது, அவன் நாடே திருட்டு நாடு.

நான் பெக்டரியில் முப்பது வருஷமாக ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன். உள்ளூர் ஆள் கை நீட்டினால் அவன் பெயருக்கு மட்டும் கடிதம் வரும். ஒரு நேப்பாளி கை நீட்டினால் ஹாஸ்டல் முழுக்கப் பெட்டியைக் கவிழ்த்துச் சோதனை போடுவார்கள். இதை மேலே இருக்கிறவர்களிடம் பலமுறை சொல்லியாச்சு.

வெள்ளிக்கிழமை வருகிற பசங்க யார் என்று பந்தி பரிமாறுகிற எங்களுக்குத் தெரியும். பாதிக்கு மேல் நேப்பாளிகள், நம்மை மாதிரியே சாமி கும்பிடுகிறவர்கள். பங்களாதேஷ் பசங்களில் நாலைந்து பேர் இந்து. 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்ததும் அங்கே இந்து வீடுகளையும் கோயில்களையும் தாக்கினார்கள். இந்து என்றாலே ஹசீனா கட்சிக்காரன் என்று மொத்தமாக முத்திரை குத்தினதும் அதற்கு ஒரு காரணம். அந்த வீடியோவை எல்லாம் குரூப்பில் பகிர்ந்து அழுதீர்களே, அந்த ஊர்ப் பையனையா இன்றைக்கு வாசலில் நிறுத்தப் போகிறோம்? முஸ்லிம் பையன் பசித்து வந்து ஒரு தட்டு சோறு சாப்பிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மன் ஐசி கேட்டுச் சோறு போடுவதில்லை.

"பொம்பளைங்க பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி தம்பி. பின்பக்கம் மூன்று விளக்கு ஆறு மாசமாக எரியவில்லை. கேமரா தெருவைப் பார்க்காமல் உண்டியலை மட்டும் பார்க்கிறது. அக்காவைத் தள்ளினவன் எவனாக இருந்தாலும் பிடிபடட்டும், ஜெயிலுக்குப் போகட்டும். என் வேண்டுதலும் அதுதான். அன்னதானப் பந்தியை மூடினால் அந்த விளக்கு எரியுமா?

ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் வந்தால் எழுந்து நின்று எதிர்ப்பேன். முகத்தைப் பார்த்து ஆள் திருப்பி அனுப்புகிற வேலைக்கு என் பெயரைப் போட வேண்டாம். வழக்கம்போல சாம்பார் வாளி தூக்குகிறேன். விளக்கு மாற்ற ஏணி எடுத்து வருகிறேன், வயரிங் தெரிந்தவர்கள் யாராவது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயிலுக்கு வாங்க.

ஓம் சக்தி.