கையிலே காசு இருந்தால்தான் பள்ளிக்கூடமா?



வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள நம் டெல்டா ஊர் ஒன்றுக்கு ஜும்ஆ பயானுக்காகப் போயிருந்தேன். அங்குள்ள அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவரில் கருப்புக் கல்லில் கொடையாளர் பெயர்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்! சுவரும் நல்ல சுவர், கழிவறையும் நல்ல கழிவறை. மனம் குளிர்ந்தது.

அன்று மாலையே வாய்க்கால் தாண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளிக்கும் போக நேர்ந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. சுற்றுச்சுவர் கிடையாது. மாடு உள்ளே வந்து படுத்துக் கிடக்கிறது. தலைமையாசிரியை என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாய், உங்க ஆளுங்ககிட்ட சொல்லி எங்களுக்கும் ஏதாவது செய்யச் சொல்லுங்களேன்."

அந்த அம்மா என்னிடம் ஏன் கேட்க வேண்டும்? அரசாங்கத்திடம் அல்லவா கேட்க வேண்டும்! கேட்டிருக்கிறார். "ஊர்ப் பங்கு எவ்வளவு வைப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

கோளாறு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1997-98ல் திமுக ஆட்சியில் வந்தது 'நமக்கு நாமே' திட்டம். 2011ல் அதிமுக ஆட்சியில் அது 'தன்னிறைவுத் திட்டம்' ஆயிற்று. 2021ல் மறுபடியும் பழைய பெயர். பெயர்தான் மாறியது, ஊர்ப் பங்கு கேட்பது மாறவில்லை. வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். மீதியை அரசு போடும். வகுப்பறைக்கு 12 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் திரட்டும் ஊருக்கு அரசின் 8 லட்சம் கிடைக்கும். திரட்ட முடியாத ஊருக்கு அந்த 8 லட்சமும் கிடையாது! ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று சலுகை உண்டு. மறைக்கவில்லை. ஆனால் மேட்டூர் திறக்கும் தேதியை நம்பி வயிறு கழுவும் தெருவில் 2 லட்சத்து 40 ஆயிரத்தை யார் திரட்டுவது?

அரசின் அந்த 8 லட்சம் யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரனும் வரி கட்டித்தான் வாங்குகிறான். அவன் கொடுத்த காசு, அவன் பிள்ளையின் பள்ளியைத் தாண்டி நம் பிள்ளையின் பள்ளிக்கு வருகிறது. நாம் ஜகாத் கொடுக்கும்போது, "நீ முதலில் மூன்றில் ஒரு பங்கு கொண்டுவா" என்றா ஏழையிடம் கேட்கிறோம்?

எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 முதல் அரசு ஊழியர்கள். பணக்கார ஊரானாலும் பரம ஏழை ஊரானாலும் அவர்களுக்கு ஒரே சம்பள விகிதம், ஒரே கஜானா. சம்பளத்துக்கு முடிந்தது சுவருக்கு ஏன் முடியாது?

பராமரிப்பு மானியத்தையும் பாருங்கள். சமக்ர சிக்ஷா விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10 ஆயிரம். 250ஐத் தாண்டினால் 75 ஆயிரம். தலையை எண்ணுகிறார்கள், ஒழுகும் கூரையை எண்ணுவதில்லை! வசதியுள்ளவன் பிள்ளையைத் தனியார் வேன் அள்ளிக்கொண்டு போய்விட்ட கிராமத்தில் எஞ்சியிருப்பது ஏழை வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர். அவர்களுக்குத்தான் மிகக் குறைந்த தொகை. இதிலும் 2024-25ல் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. காசுள்ள ஊர் அதைத் தாங்கிக்கொள்ளும். மற்ற ஊர்?

கும்பகோணத்தை மறந்துவிட்டோமா? 2004 ஜூலை 16. சமையல் இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைக் கருக்கியது. நிர்வாகத்தின் குற்றம் பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் தந்த அரசு, அவர் தலைக்கு மேல் இருந்த கூரை ஓலையா ஓடா என்று அதுவரை கவலைப்படவில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் டெக்சாஸில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதி மக்கள், பக்கத்துப் பணக்காரப் பகுதியைவிட அதிக விகிதத்தில் சொத்து வரி கட்டினார்கள். கிடைத்ததோ பிள்ளைக்கு 26 டாலர். பணக்காரப் பகுதியில் 333 டாலர்! ரொட்ரிகஸ் என்ற தகப்பன் வழக்குப் போட்டார். 1973ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கைவிரித்தது.

நாம் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. கூலி வேலை செய்வோர் அதிகமுள்ள ஊரின் பள்ளிக்கு ஊர்ப் பங்கு கேட்காதே, தேவையைப் பார்த்துப் பணம் போடு. கோரிக்கை இவ்வளவுதான். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். நகலைக் கையோடு வாங்குங்கள். 'நம் ஊர்தான் நன்றாக இருக்கிறதே' என்று வீட்டில் உட்காரும் சகோதரர்களே, உங்களைத்தான் முதலில் அழைக்கிறேன்!

சட்டம் மாறும்வரை ஒரு வழி இருக்கிறது. ஊர்ப் பங்கை அந்த ஊர்க்காரர்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. அந்த வாய்க்கால் கரைப் பள்ளிக்கான பங்கைக் கட்டுவது பற்றிப் பேச, கருப்புக் கல்லில் பெயருள்ள மூவரை மறுநாளே போய்ப் பார்த்தேன். இருவர் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர், "கல்லில் பேர் போடுவாங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார். போடச் சொல்லியிருக்கிறேன்.