மரபணுவின் பழைய வரிகளும் மடுவத்தில் பார்க்கக்கூடிய நோயும்

ரொட்டியும் கட்டச் சம்பலும் வாயில் பட்டதும் எரிகிறது என்றால், உறைப்புக் கூடிவிட்டது என்றுதான் லயத்து வீடுகளில் முதலில் நினைப்பார்கள். நமுனுகுல மலையைச் சுற்றிய தோட்டங்களில் கொழுந்துக்கூடையோடு வெற்றிலைப் பையும் சேர்ந்தே மலைக்குப் போகிறது. வெற்றிலையை அடக்கும் பக்கத்துக் கன்னம் ஆண்டுக்கணக்கில் எரிந்து, பிறகு வெளுத்து, நார்நாராக இறுகும். ஒரு கட்டத்தில் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாமல் போகும். கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த இறுக்கத்தைக் கண்டு 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். இப்படி இறுகிய வாய்களில் ஒரு பகுதி பின்னாளில் புற்றுநோயாக மாறும் என்பது பிறகு உறுதியானது.

அந்தப் புற்றுநோயை விளங்கிக்கொள்ள உதவும் இன்னொரு கதை ஷ்வார்ட்ஸ் எழுதியதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியது. 1951இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பார்பரா மெக்ளின்டொக் ஓர் உரை நிகழ்த்தினார். சோள மணிகளின் நிறப் புள்ளிகளை ஆராய்ந்த அவர், மரபணுத் தொகுதியில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் இருப்பதாகச் சொன்னார். கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1972இல் சுசுமு ஓனோ, புரதம் எதையும் ஆக்காத மரபுப் பகுதிகளைக் குப்பை என்றே அழைத்தார். மெக்ளின்டொக்குக்கு நோபல் பரிசு கிடைக்க 1983 வரை செல்ல வேண்டியிருந்தது. 2001இல் மனித மரபணு வரைவு வெளியானபோது, அதில் ஏறத்தாழ 45 சதவீதம் இத்தகைய தாவும் துண்டுகளின் வழிவந்தது என்று தெரிந்தது. அலு என்ற ஒரு துண்டு மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளாக நம் ஒவ்வொரு உயிரணுவிலும் இருக்கிறது. முன்னோரின் உடலில் எப்போதோ தொற்றிய வைரசுகளின் எச்சங்கள் மட்டும், அந்த 45 சதவீதத்துக்குள், மரபணுத் தொகுதியின் ஏறத்தாழ 8 சதவீதம்.

இந்தத் துண்டுகள் விழித்துக்கொள்ளாதபடி உடல் அவற்றின் மீது மெத்தில் என்னும் வேதி முத்திரையைக் குத்தி வைத்திருக்கிறது. புற்றுநோயில் அந்த முத்திரைகள் பரவலாக உதிர்கின்றன. வாய்ப் புற்றுநோயாளர்கள் கொப்பளித்துத் துப்பிய நீரிலிருந்தே லைன்-1 என்ற துண்டின் முத்திரை இழப்பைக் கண்டறியலாம் என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள்.

முத்திரை உதிர்ந்தால் ஆபத்து மட்டும் வருவதில்லை. விழித்த துண்டுகள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை உண்டாக்கும். வைரசு நுழைந்துவிட்டது என்று உயிரணு எண்ணி, இன்டர்ஃபெரோனைச் சுரந்து நோயெதிர்ப்புப் படையை அழைக்கும். மெத்தில் முத்திரையை அகற்றும் மருந்துகளால் புற்று உயிரணுக்களில் இந்த எச்சரிக்கையை வேண்டுமென்றே எழுப்பலாம் என்று 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டன. புற்றும் சும்மா இருப்பதில்லை. அடார்-1 என்ற நொதி அலு ஆர்.என்.ஏ.யின் எழுத்துகளைத் திருத்தி, எச்சரிக்கை எழாமல் செய்கிறது. சில புற்றுகள் பிழைத்திருப்பதே அந்தத் திருத்தத்தால்தான்.

நோயெதிர்ப்பைப் புற்றின் மீது ஏவும் எண்ணம் புதியதல்ல. நியூயோர்க்கில் வில்லியம் கோலி 1891இலேயே புற்றுக் கட்டிகளுக்குள் பக்டீரியாவை ஊசியால் செலுத்திப் பார்த்தார். அந்த வழியில் வந்த ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். அவர்களின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த மருந்துகளுக்கு, முற்றிய தலை, கழுத்துப் புற்றுகளுக்காக 2016இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அவை எல்லா நோயாளருக்கும் பலனளிப்பதில்லை. விலையோ தோட்டத்துக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது.

அறிவியலின் இந்த நீண்ட பொறுமையை வணங்கலாம். ஆனால் 1952இல் தொடங்கிய மற்றக் கதையும் நின்றுவிடவில்லை. மெக்ளின்டொக் பரிசு பெற்ற மறு ஆண்டே, 1984இல், இலங்கையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு உலக சுகாதார அமைப்பின் இதழில் வந்தது. பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 25,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்து, சந்தேகத்துக்குரியவர்களை மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பாலோருக்குச் சந்தேகம் சரியாகவே இருந்தது. அனுப்பப்பட்டவர்களில் போனவர்களோ பாதிக்குச் சற்று அதிகம்தான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு, புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாயைக் கண்ணால் பார்த்தே வாய்ப் புற்றுநோய் மரணத்தை 34 சதவீதம் குறைக்கலாம் என்று 2005இல் நிறுவியது.

புகையிலை சேராத வெற்றிலையும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவு செய்தது. மெல்லும் புகையிலைப் பொருட்களுக்கு இலங்கையில் 2016இல் தடை வந்தது. வெற்றிலைப் பை மலையில் தொடர்கிறது. குளிரிலும் மழையிலும் நின்று கொழுந்தெடுப்பவளிடம் அதை விடச் சொல்வதற்கு உபதேசம் போதாது. பழக்கம் விடுபடும் வரையாவது வாயைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கு எடை பார்ப்பது போல வளர்ந்தவர்களின் வாயைப் பார்ப்பதும் தோட்டச் சுகாதார வழமையாக வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு டோர்ச் வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் இருந்தால் தொடங்கிவிடலாம். கடினமானது அதற்கடுத்த படி. கன்னத்தில் வெள்ளைத் தழும்பு கண்டவள் பதுளை வைத்தியசாலைக்குப் போக வேண்டுமானால் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்க வேண்டும், பஸ் காசும் தேட வேண்டும். வலிக்காத புண்ணுக்காக யார் அதைச் செய்வார்? 1984இன் ஆய்வில் ஏறத்தாழப் பாதிப்பேர் வராமல் போனதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே நாம் கேட்பது இது: வாய்ப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் நாளை, தோட்ட நிர்வாகம் முழுப்பேராகப் பதிய வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் இதையும் ஒரு கோரிக்கையாக முன்வைக்கட்டும்.